நிரம்பாத குழி

யாழ்ப்பாணத்து வீட்டுப் பெருமைகளில் ஒன்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கலியாண வீடோ செத்த வீடோ, நாலு பெரியவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தால் காணி விலை, வெளிநாட்டுப் பிள்ளைகள், சலரோகம் எல்லாம் முடிந்து கதை கடைசியில் வீடு கட்டுவதில் வந்து நிற்கும். அப்போது ஒருவர் சொல்லுவார்: "எங்கட ஐயா வெட்டுவிச்ச கக்கூஸ் குழி. நாப்பது வருசமாகுது, ஒருநாளும் நிரம்பினதில்லை. குழி இறைக்கிற பவுசர் எண்டு ஒண்டு எங்கட படலைக்குள்ள வந்ததே இல்லை." மற்றவர்கள் தலையாட்டுவார்கள், சிலர் கொஞ்சம் பொறாமையோடும்.

நான் தலையாட்டுவதில்லை. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான், கணக்குப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஐந்து பேர் இருக்கிற வீடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தரம் தண்ணீர் அடித்தால், ஒரு தரத்துக்கு 8 லீற்றர் என்று வைத்தாலும் நாளுக்கு 200 லீற்றர். வருசத்துக்கு 73,000 லீற்றர். ஆறடிக் குழி ஒன்று இவ்வளவையும் எங்கே வைத்திருக்கிறது? அது ஒன்றையும் வைத்திருப்பதில்லை, கீழே விடுகிறது. கீழே இருப்பது கல்லு. கல்லுக்குள் இருப்பது நாங்கள் அள்ளிக் குடிக்கிற தண்ணீர்.

குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரி காலத்தில் மட்டும்தான் ஆறு. பெய்கிற மழை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. அந்தக் கல்லுக்குள் எவ்வளவு பெரிய வழிகள் ஓடுகின்றன என்று பார்க்க விரும்பினால் நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் போய்ப் பாருங்கள். மண்ணுக்குள் தண்ணீர் மெல்லமாகத்தான் இறங்கும். இறங்குகிற வழியில் கிருமிகளில் பெரும்பகுதி மண்ணில் பிடிபட்டுச் செத்துவிடும். வெடித்த கல்லில் அந்த வடிகட்டல் கிடையாது. எங்கள் கொக்குவில் பக்கம் மேலே கொஞ்சம் மண், கொத்திக்கொண்டு போனால் சில அடிக்குள்ளே கல்லு. குழியின் அடி அந்தக் கல்லைத் தொட்டு நின்றால், வெடிப்பு வழியே போவது எந்தக் கிணற்றில் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

பழைய குழிகள் அப்படித்தான் கட்டப்பட்டன. அடி போடுவதில்லை. சுற்றுச் சுவருக்குக் கல்லை அடுக்கி, இடையில் சாந்து பூசாமல் விடுவார்கள், "தண்ணி இறங்க வேணும்" என்று. ஆட்கள் குறைவாக, வாளியில் கொஞ்சத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில், வளவும் பெரிதாக இருந்தபோது, அது பெரிய கேடாகத் தெரியவில்லை. இப்போது வளவு இரண்டு பரப்பு. வீட்டுக்குள் மூன்று குளியலறை, மூன்றிலும் கொமட்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு பரப்பு என்றால் 20 பேர்ச், சதுரமான காணியாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடி வரும். அதற்குள் வீட்டையும் கட்டி, என் கிணற்றுக்கு 50 அடி, வடக்கு வீட்டுக் கிணற்றுக்கு 50 அடி, கிழக்கு வீட்டுக் கிணற்றுக்கு 50 அடி என்று விட்டுக் குழி வெட்ட ஒரு இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். இதற்குள் சாத்திரமும் வந்து நிற்கும். கிணறு ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில்; கக்கூஸ் வாயு மூலையில், அதாவது வடமேற்கில். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வளவுக்குச் சாத்திரம் பார்த்துச் சரியாகத்தான் செய்திருப்பார். ஆனால் என் ஈசான மூலை மதிலுக்கு அந்தப்பக்கம் கிழக்கு வளவுக்காரருக்கு வாயு மூலை. என் கிணறும் அவருடைய குழியும் ஒரு மதிலின் இரண்டு பக்கத்தில்! எங்கள் ஒழுங்கையில் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

2014, 2015 காலத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊரே எழும்பியது. எழும்ப வேண்டிய விசயம்தான். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். குழியிலிருந்து வருகிற நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லுகிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுக் கிணறுகளில் அதைத் தாண்டியவை இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடுகிற உரம் ஒரு காரணம், எங்கள் குழிகள் இன்னொரு காரணம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீரில் இது கூடினால் இரத்தம் ஒட்சிசன் காவுகிற வேலை கெட்டுப் பிள்ளை நீலம் பாரிக்கும். "நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறோம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.

ஆகவே எனக்கு ஒரு வீட்டுக்குப் பவுசர் ஒழுங்காக வந்து போகிறது என்றால் மரியாதை வருகிறது. அந்த வீட்டுக் கழிவு ஒரு தொட்டிக்குள் நிற்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

தொட்டி என்று நான் சொல்வது செப்ரிக் ராங்க். அடியும் போட்டு, நான்கு பக்கமும் உள்ளே சீமெந்து பூசி, நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரித்தது. முதல் அறை பெரிது, இரண்டாவது சின்னது. வருவதில் பாரமானது அடியில் மண்டியாகப் படியும். எண்ணெய், கொழுப்பு மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் நிற்கும். அதுதான் இரண்டாவது அறைக்குப் போய், அங்கிருந்து, தண்ணீரை மண்ணுக்குள் ஊற விடுகிற ஊறுகுழிக்குப் போக வேண்டும். உள்ளே வருகிற பைப்பிலும் வெளியே போகிற பைப்பிலும் ரீ வடிவ மூட்டு ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருக்கும். மேலே மிதக்கிற ஆடை அடுத்த பக்கம் போகாமல் மறிப்பது அதுதான். காசை மிச்சம் பிடிக்க மேசன்மார் முதலில் விடுவதும் அதைத்தான். சின்னச் சாமான், ஆனால் அது இல்லாத தொட்டி வெறும் இரண்டு பெட்டி.

தொட்டிக்குள் காற்று இல்லாமல் வாழுகிற பற்றீரியாக்கள் மண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முழுக்கத் தின்னாது. ஓர் ஆளுக்கு வருசத்துக்கு ஏறத்தாழ 40 லீற்றர் மண்டி மிஞ்சும் என்று கணக்கு வைக்கலாம். இங்கேதான் உங்கள் வீட்டுக்கு எத்தனை வருசத்துக்கு ஒருமுறை பவுசர் தேவை என்பது வருகிறது. எங்கள் தொட்டி உள்ளளவு ஆறடி நீளம், மூன்றடி அகலம், தண்ணீர் நிற்கிற ஆழம் நான்கடி. 72 கன அடி. ஒரு கன அடி 28 லீற்றருக்குக் கொஞ்சம் கூட, ஆகவே சுமார் 2,000 லீற்றர். மண்டியும் ஆடையும் சேர்ந்து தொட்டியின் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் எடுக்க வேண்டும். எங்களுக்கு அது 670 லீற்றர் அளவில். ஐந்து பேருக்கு வருசத்துக்கு 200 லீற்றர் மண்டி என்றால் மூன்று வருசமும் சில மாதமும். மூன்று வருசம் என்றே வைத்துக்கொண்டேன். அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற காலங்களில் இன்னும் கனநாளைக்குப் போகும், அண்ணாவின் குடும்பம் வந்து நின்றால் குறையும்.

கணக்கை நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம். நீளமான கமுகஞ் சலாகை ஒன்றின் நுனியில் பழைய வெள்ளைச் சாரத்தைச் சுற்றிக் கட்டி, முதல் அறையின் மூடியைத் திறந்து, மெல்ல அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் வைத்துவிட்டு நேராகத் தூக்கினால் மண்டி நின்ற உயரம் கறுப்பாகத் தெரியும். சலாகையை வளவுக்குள் எறியாமல் எரித்துவிடுங்கள். மூடியைத் திறந்த உடனே குனிந்து பார்க்க வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டால், முதல் சில வருசம் ஒன்றும் நடக்காது. அதுதான் வில்லங்கம். மண்டி மேலே ஏறி, தெளிந்த தண்ணீர் நிற்கிற இடம் குறுகிக்கொண்டு போகும். வந்த தண்ணீர் தங்காமல் மண்டியையும் இழுத்துக்கொண்டு ஊறுகுழிக்குப் போகும். ஊறுகுழியின் துவாரங்களெல்லாம் அடைபடும். தொட்டியைப் பவுசர் வந்து துப்புரவாக்கலாம், அடைபட்ட ஊறுகுழியை அப்படிச் சரிப்படுத்த முடியாது, வேறு இடத்தில் புதிதாக வெட்ட வேண்டும். இரண்டு பரப்பில் அந்த வேறு இடம் எங்கே? கொமட் களகளவென்று சத்தம் போடுவது, தண்ணீர் மெல்ல இறங்குவது, வெயில் காலத்திலும் குழிக்கு மேலே புல்லு மட்டும் பச்சையாக நிற்பது, இதெல்லாம் தெரிய வரும்போது பாதி வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

எடுப்பதற்கான காலம் கோடை. எங்கள் ஊரில் பவுசருக்கு ஆலாய்ப் பறப்பது கார்த்திகை, மார்கழியில். மாரி மழைக்கு நிலத்தடித் தண்ணீர் ஏறி, குழிக்கும் ஊறுகுழிக்கும் உள்ளே வந்து, கக்கூஸ் பொங்கும்போதுதான் எல்லோருக்கும் ஒரே நாளில் ஞானம் வரும். அந்த நேரம் அடி போடாத குழியைப் பவுசர் கொண்டு இறைப்பது காசு கொடுத்து ஊர்த் தண்ணீரை இறைக்கிற வேலை. இறைக்க இறைக்க வெளியே இருந்து ஊறும். அடுத்த நாள் காலமை பழையபடி. அதைவிட ஆபத்து, வெளியே தண்ணீர் அழுத்திக்கொண்டு நிற்கும்போது உள்ளே வெறுமையாக்கினால் பழைய கல்லுச் சுவர் உள்ளே சரியலாம். குருநகர், நாவாந்துறை மாதிரிக் கடலோரங்களில் தண்ணீர் மட்டம் எப்போதும் மேலேதான். அங்கே பிளாஸ்ரிக் தொட்டி புதைத்தவர்கள் மாரியில் முழுக்க இறைத்தால் தொட்டி நிலத்தை விட்டு மேலே கிளம்பும்.

நான் நல்லூர்க் கொடியேற்றத்தைக் கணக்கு வைத்திருக்கிறேன். பக்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திருவிழா வருவது ஆடி, ஆவணியில். தண்ணீர் மட்டம் நன்றாக இறங்கியிருக்கிற காலம். 25 நாள் திருவிழாவுக்குக் கனடா, லண்டன், சுவிஸ் என்று உறவெல்லாம் வந்து இறங்கும். ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டிக்குப் பதினைந்து பேர். கொடியேற ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி வைத்தால் பவுசரும் ஆறுதலாகக் கிடைக்கும்.

பவுசர் இரண்டு வழியில் வரும். பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ போய் விண்ணப்பம் நிரப்பிக் காசு கட்டிவிட்டு வரிசைக்குக் காத்திருக்கலாம். இல்லையென்றால் தனியாருக்கு ஒரு போன். எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: பவுசர் எத்தனை லீற்றர் கொள்ளும், கழிவை இழுக்கிற ஓஸ் எத்தனை அடி, ஒரு நடைக்கா முழு வேலைக்கா விலை. எங்கள் ஒழுங்கைகள் பவுசரை நினைத்துப் போட்டவை அல்ல. மதிலும் மதிலும் நெருங்கி, நடுவில் ஒரு மின்கம்பமும் நிற்கும். வாகனம் றோட்டிலே நின்றால் குழி வரைக்கும் ஓஸ் எட்ட வேண்டும், ஆகவே முதல் நாளே நடந்து அளந்து வைத்துவிடுங்கள்.

அடுத்ததாக நான் கேட்கிற கேள்வி: "கொண்டுபோய் எங்க விடுறீங்கள்?" சிலருக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. ஒருவர் என்னிடம், "அக்கா, உங்கட குழி வெறுமையானாச் சரிதானே, அதுக்குப் பிறகு உங்களுக்கு என்னத்துக்கு?" என்றார். அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரவில் வெறும் காணிக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் திறந்துவிட்ட கதைகளை எல்லோரும் கேட்டிருக்கிறோம். எல்லோரும் ஒரே கல்லிலிருந்து தண்ணீர் அள்ளுகிற ஊரில், என் வீட்டுக் கழிவை நான் காசு கொடுத்து இன்னொருவர் கிணற்றுக்கு அனுப்புவதா? உள்ளூராட்சி சபை அனுமதித்த இடத்தில்தான் விடுகிறோம் என்று சொல்லி, பற்றுச்சீட்டும் தருகிறவர்களைத்தான் நான் கூப்பிடுவது. நூறு, இருநூறு கூடினால் கூடட்டும்.

வேலை நடக்கிற அன்று நான் பக்கத்தில் நிற்பேன். அம்மா முன் விறாந்தையில் சாம்பிராணி போட்டுவிட்டு, "பிள்ளை, நீ ஏன் அங்க போய் நிக்கிறாய், பெடியள் பாப்பாங்கள் தானே" என்று தொடங்குவார். நிற்காவிட்டால் மேலே இருக்கிற தண்ணீரை இழுத்துவிட்டு "முடிஞ்சுது" என்று போய்விடுவார்கள். இழுக்க வேண்டியது அடியில் இறுகிக் கிடக்கிற மண்டி. தண்ணீரை அடித்து நீளத் தடியால் கலக்கிக் கலக்கித்தான் அது ஓஸுக்குள் வரும். இரண்டு அறையும் திறந்து இரண்டிலும் எடுக்க வேண்டும். எடுத்து முடிய, ரீ மூட்டு உடையாமல் இருக்கிறதா, நடுச்சுவர் வெடித்திருக்கிறதா என்று ரோர்ச் அடித்து வெளியே நின்று பார்க்கலாம். நல்ல பெடியன் ஒருவன் வந்தால் அவனே காட்டுவான். ஓஸைக் கழுவுவதற்குக் கிணற்றடிக்குக் கொண்டு போக விட வேண்டாம், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குழியடியிலேயே கழுவட்டும்.

இப்போது மூடி விசயம். மூடிக்குக் கீழே மீதேனும் ஐதரசன் சல்பைட்டும் நிற்கும், ஒட்சிசன் போதாது. ஐதரசன் சல்பைட்டு கொஞ்சமாக இருந்தால் கூழ்முட்டை மணம் வரும். கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். "இப்ப மணம் இல்லை, இறங்கலாம்" என்று ஆட்கள் நினைப்பது அந்த நேரத்தில்தான். உள்ளே இறங்கியவர் ஓரிரு மூச்சில் விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். எந்த நாட்டில் எடுத்தாலும் மலக்குழிச் சாவுகளில் ஒருவரோடு இன்னொருவர் சேர்ந்து போனவை கனக்க. ஆகவே எந்தக் காரணத்துக்கும் எவரும் உள்ளே இறங்கக் கூடாது. கைபேசி விழுந்தாலும் சரி, சங்கிலி விழுந்தாலும் சரி. மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டு, தள்ளி நின்று, பீடி சிகரெட் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெடியள் யாராவது "ஒருக்கா இறங்கி வழிச்சு விடுறன் அக்கா, ஆயிரம் தாங்கோ" என்று கேட்டால் காசைக் கொடுத்து, இறங்காமல் அனுப்புங்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது நகரப் பக்கம் வாளிக் கக்கூஸ் இருந்தது. வாளியை எடுக்க வருகிறவர் பின் ஒழுங்கையால் வந்து பின் ஒழுங்கையால் போவார். வாளி போய், பவுசர் வந்தது. ஆனால் பவுசரோடு வந்த பெடியளுக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கண்ணாடிக் கிளாஸை விட்டுவிட்டுக் கடதாசிக் கப் தேடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைச் செய்துவிட்டு வந்து என்னிடம் "காலம் மாறிப் போச்சு ரீச்சர்" என்று சொல்வார்கள்.

தொட்டிக்குள் என்ன போகக்கூடாது என்பதைப் பவுசர் பெடியளிடம் கேட்டால் ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் ஓஸில் வந்து அடைக்கிறது அவர்களுக்குத்தான் தெரியும். பம்பர்ஸ், பெண்கள் பாவிக்கிற பாட், ஈர ரிசு, தலைமயிர், ஷாம்பூ பக்கற். எங்கள் வீட்டுக் குளியலறையில் மூடியுள்ள ஒரு வாளி வைத்திருக்கிறேன், வருகிற விருந்தினர் எல்லோருக்கும் அதைக் காட்டித்தான் அறையையே காட்டுவேன். குசினித் தண்ணீரும் தோய்கிற தண்ணீரும் தொட்டிக்குள் வரவே கூடாது. எங்கள் அம்மாமார் கிணற்றடித் தண்ணீரை வாழைப்பாத்திக்கு விட்டார்கள். அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த எந்திரியும் எனக்குக் காட்டவில்லை. மாபிள் பதித்த புதுக் குளியலறை வந்த பிறகு எல்லாப் பைப்பையும் ஒன்றாக்கித் தொட்டிக்குள் விடுகிறார்கள். 200 லீற்றர் வர வேண்டிய இடத்தில் பல மடங்கு வந்தால் மண்டி படிய நேரம் எங்கே?

குளோரின் கலந்த கழுவும் திரவத்தைப் போத்தல் போத்தலாக ஊற்றினால் உள்ளே வேலை செய்கிற பற்றீரியா செத்துப் போகும். அளவாகப் பாவிப்பதில் பிழை இல்லை. நுளம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு, ஊற்றினது எங்கே போகும் என்று இவ்வளவு தூரம் வாசித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நுளம்புக்கு வழி, காற்றுப்பைப்பின் வாயில் வலை கட்டுவதும் மூடி விளிம்பில் இருக்கிற வெடிப்பைச் சீமெந்தால் பூசுவதும். இந்தக் குழிகளில் கியூலெக்ஸ் நுளம்பு நன்றாகப் பெருகும். கடையில் விற்கிற தூளும் மருந்தும் போட்டால் பவுசரே தேவையில்லை என்பவர்களை நம்ப வேண்டாம். தேவையான பற்றீரியா எங்களோடு தினமும் இலவசமாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

செப்ரிக் ராங்க் கட்டினால் எல்லாம் முடிந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். தொட்டி பிடித்து வைப்பது மண்டியை. நைத்திரசனில் பெரும்பகுதி தெளிந்த தண்ணீரோடு வெளியே போய்விடும். அந்தத் தண்ணீரை ஆழமான ஊறுகுழியில் விட்டால் திரும்பவும் கல்லுக்குத்தான். மேல் மண்ணில், ஆழமில்லாத நீளமான கானாக வெட்டி, சல்லி போட்டு விட்டு, பக்கத்தில் வாழையோ மணிவாழையோ நட்டால் கொஞ்சத்தை மண்ணும் கொஞ்சத்தை வேரும் பிடிக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான். மேசன் முதலில் சிரித்தார், "ரீச்சர், குழி எண்டா ஆழமா இருக்க வேணும்" என்றார். ஆழமாக வெட்டிக் கல்லைத் தொடுவதற்குத்தான் நான் காசு கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

கிணற்றுத் தண்ணீரை வருசத்துக்கு ஒருமுறை சோதிக்கக் கொடுங்கள், மாரி முடிந்து தை, மாசியில் ஒன்று என்று வைத்தால் நல்லது. பி.எச்.ஐ.யிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், கேட்டால் வழி சொல்வார், நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடமும் இருக்கிறது. கிருமிச் சோதனைக்கு அவர்கள் தருகிற கிருமி நீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும், வீட்டுச் சோடாப் போத்தலில் கொண்டு போனால் சோதிப்பது போத்தலைத்தான். நைத்திரேற்று வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆட்கள் இல்லாத வீடுகள். எங்கள் பக்கம் பாதி வீடு வெளிநாட்டுக்காரருடையது, சாவி என்னைப் போன்றவர்கள் கையில். அண்ணாவின் வீடு கோண்டாவிலில். வருசம் முழுக்கப் பூட்டிக் கிடந்து ஆடியில் திறக்கிற வீட்டுக்குப் பவுசர் எதற்கு என்று அவன் கேட்பான். பூட்டிக் கிடந்தால் மண்டி ஏறாது, உண்மை. ஆனால் கட்டி முடித்த காலத்திலிருந்து ஒருமுறையும் எடுக்கவில்லை, வாடகைக்கு ஒரு பெரிய குடும்பமும் கொஞ்சக் காலம் இருந்தது. இந்த முறை பதினொரு பேர் வருகிறார்கள் என்று வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான், பிள்ளைகளோடு மருமக்களும்.

பவுசருக்குச் சொல்லியாகிவிட்டது, வருகிற வியாழக்கிழமை. போய்ப் பார்த்தால் தொட்டியின் மூடியைக் காணவில்லை. போன முறை வந்து நின்றபோது கார் விடுவதற்காக முற்றம் முழுக்க ரைல்ஸ் பதித்துவிட்டுப் போயிருக்கிறான், மூடி அதற்கு அடியில். கட்டின மேசனைத் தேடிப் பிடித்து, எந்த இடம் என்று கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். புதன்கிழமை வந்து உடைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், பிறகு கொளுக்கி வைத்த தூக்குகிற மூடி ஒன்றும் போட்டுத் தருவார். ரைல்ஸ் இத்தாலியிலிருந்து வந்ததாம். அண்ணாவுக்கு வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று இருக்கிறேன்.